காதுக்காரரின் கம்ப்யூட்டர்

பச்சைப் பட்டை அறுபத்து நான்கு சதவீதத்தில் நின்றுபோனது.

"ஓடேன், சனியனே" என்று பல்லைக் கடித்தாள் மிளகு. மவுஸைப் பிடித்திருந்த கை வியர்த்து வழுக்கியது. சுவர்க் கடிகாரம் ஒன்பது இருபத்திரண்டு. தலைமை அலுவலகத்து ஆள் பத்து மணிக்கு வந்து எல்லாக் கம்ப்யூட்டரையும் குடைந்து பார்க்கப் போகிறான் என்று மேனேஜர் சொல்லி அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

திரையில் ஒரு பெட்டி முளைத்தது. 'இந்த மென்பொருள் இப்போது இயங்கிக்கொண்டிருக்கிறது. மூடிவிட்டு மீண்டும் நீக்க முயலவும்.'

"மூடித்தானே தொலைச்சேன்! இன்னும் எந்த மூலையில உக்காந்திருக்கே நீ?"

பக்கத்து நாற்காலியில் இருந்த அண்ணன் பதில் சொல்லவில்லை. அவன் பார்வை திரையின் இடது ஓரத்தில் இருந்தது. எட்டு மாதமாக அங்கே ஒரு சின்னச் சதுரத்தில் வண்ணக் கோடுகள் ஓடிக்கொண்டிருந்தன. இப்போது அந்த இடத்தில் நிறுவனத்தின் முத்திரை மட்டும் வெறிச்சென்று தெரிந்தது.

அது ஒரு குளிர்பதனக் கிடங்கு. மூன்று ஆள் உயரக் கதவுகளுக்குப் பின்னால் டன் கணக்கில் மீனும் பழமும் உறைந்து கிடந்தன. அவற்றை உறையவைக்கிற கம்ப்ரசர்கள் இரண்டும் தனிக் கூடத்தில் இருந்தன. அந்தக் கூடத்தைக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு, தரை அதிராமல் இருக்க ரப்பர் கட்டைகளின் மேல் நிறுத்திய சின்ன அறைதான் கட்டுப்பாட்டு அறை. ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், சுவரில் வரிசையாக அழுத்தமானிகள், நடுவே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிவப்புப் பொத்தான். கூடத்துக்குள் யாரும் யாரோடும் மெதுவாகப் பேசியதாகச் சரித்திரம் இல்லை. காதில் மூடியை மாட்டிக்கொண்டு பாதியைக் கத்தியும் மீதியைக் கையாலும் பேசுவார்கள்.

மூடி மாட்டாத ஒரே ஆள் மிளகின் அண்ணன். பத்தொன்பது வருடமாக அவன்தான் பகல்நேர ஆபரேட்டர். 'மூடியை மாட்டினா மெஷின் என்ன சொல்லுதுன்னு எப்படித் தெரியும்?' என்பான். எந்த வால்வு இழுக்கிறது, எந்தப் பேரிங் தேய்ந்திருக்கிறது என்பதை வாசலில் நின்றே சொல்லிவிடுவான். மேனேஜரிலிருந்து வாட்ச்மேன் வரைக்கும் அவனுக்கு ஒரே பெயர், காதுக்காரர்.

காதுக்காரரின் தங்கைக்கு மிளகு என்று பெயர் வரக் காரணம் உருவமும் வாயும். இதே கிடங்கில் சரக்கு அனுப்பும் பிரிவில் வேலை. பிரிண்டர் முரண்டு பிடித்தாலும், நெட் வராவிட்டாலும், எந்த அறையிலிருந்தும் முதல் கூப்பாடு அவளுக்குத்தான் வரும். மானிட்டரின் நெற்றியில் ஒட்டியிருக்கும் காகிதத்தை டைப் அடித்தவளும் அவளேதான்: 'அனுமதியின்றி எந்த மென்பொருளையும் நிறுவக் கூடாது. மீறினால் உடனடி வேலை நீக்கம்.'

ஒட்டிய கையே அதை மீறியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அண்ணனின் கடவுச்சொல்லைப் போட்டு உள்ளே போய், ஒலியைப் பகுத்துப் படமாக வரைகிற ஒரு மென்பொருளை அவள் இந்தக் கம்ப்யூட்டரில் நிறுவியிருந்தாள். இரண்டாம் எண் கம்ப்ரசரின் குழாயில் ஒட்டிய ஒரு சின்ன மைக்கின் வயர் சுவர் ஓட்டை வழியே வந்து கம்ப்யூட்டரின் முதுகில் செருகியிருந்தது. கம்ப்ரசர் போடும் சத்தம் முழுக்கத் திரையில் நிறமாக ஓடும். அது எதற்கு என்பது உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும். அவள், அண்ணன், அண்ணி. அகப்பட்டால் போவது அண்ணனின் வேலை. கம்ப்யூட்டர் அவன் பெயரில் அல்லவா இருக்கிறது?

இயங்கும் நிரல்களின் பட்டியலைத் திறந்து மேலிருந்து கீழாகத் துழாவினாள். அடியில், சம்பந்தமே இல்லாத ஒரு பெயரில், அது பதுங்கியிருந்தது. கழுத்தைப் பிடித்தது போல 'முடி' என்பதை அழுத்தினாள். பட்டை துள்ளியது. எழுபது. தொண்ணூறு. நூறு.

வரும்போது விருந்தாளி மாதிரி வாசலில் நின்று, 'வரலாமா, ஒப்புக்கொள்கிறீர்களா' என்று பவ்யமாகக் கேட்ட மென்பொருள், போகச் சொன்னதும் பங்கு கேட்கிற பங்காளியாக மூலைக்கு மூலை சம்மணம் போட்டிருந்தது. கம்ப்யூட்டர் எழும்போதே கூடவே எழுப்பிவிடும் கட்டளை ஒரு பக்கம். மைக்குக்கென்று அது தானாகவே போட்டுக்கொண்ட டிரைவர் இன்னொரு பக்கம். ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். பதிவுகள் இருந்த ஃபோல்டரில் இருநூற்றுப் பதினான்கு கோப்புகள். மொத்தமாக அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்தாள். மேசைக்கு அடியில் தவழ்ந்துபோய் வயரை உருவி, அலமாரிக்குப் பின்னால் திணித்தாள்.

எழுந்தபோது அண்ணனின் கை அவள் தோளில் விழுந்தது.

"இன்னிக்கு மட்டும் வேண்டாமே, மிளகு. ஒண்ணாம் நம்பரைப் போன வாரமே பிரிச்சுப் போட்டாச்சு. ரெண்டாம் நம்பர் ஒத்தையா இழுக்குது. நேத்து சாயங்காலத்துலேர்ந்து அந்தக் கோடு தடிச்சுக்கிட்டே வருது."

அவள் அவன் நாற்காலியைத் தன் பக்கம் திருப்பினாள். முகத்துக்கு நேராகக் குனிந்தாள்.

"மூணு மணி நேரம்ணா. அந்த ஆள் கிளம்பின அடுத்த நிமிஷம் திரும்பப் போட்டுடறேன்."

"அந்த மூணு மணி நேரம்?"

"ஃபிட்டர்கிட்ட சொல்லி, மெஷின் பக்கத்துலயே நிக்க வை."

"எதுக்குன்னு கேப்பாரே."

"உன் வாய்க்குப் பதிலா பஞ்சம்? ஏதாவது அளந்து விடு."

அண்ணன் சிரித்தான். சிரிப்பு உதட்டைத் தாண்டவில்லை.

திரையில் அடுத்த பெட்டி. 'நீக்கம் முழுமையடைய கம்ப்யூட்டரை மறுதொடக்கம் செய்யவும்.' ஒன்பது நாற்பத்தொன்று. அழுத்தினாள். திரை இருண்டது. மீண்டும் வெளுத்தது. அதன் நடுவே ஒரு வளையம் நிதானமாகச் சுற்ற ஆரம்பித்தது.

'புதுப்பிப்புகள் நிறுவப்படுகின்றன. 12%. அணைக்க வேண்டாம்.'

"இப்பவா! இத்தனை மாசமா வராத புதுப்பிப்பு இப்பவா வரணும்?"

கைபேசி அதிர்ந்தது. ஆள் வந்தால் கூப்பிடச் சொல்லிவைத்திருந்த வாட்ச்மேன்.

"மிளகு, உங்க ஆள் வந்தாச்சு. முன்னாடியே வந்துட்டான். கழுத்துல தாயத்து மாதிரி பென்டிரைவ் தொங்குது. மேனேஜர் நேரா உங்க அண்ணன் ரூமுக்குத்தான் கூட்டிக்கிட்டு வர்றாரு."

"மெயின் ஆபீஸைத்தானே முதல்ல பாக்கணும்?"

"அதை அவரைத்தான் கேக்கணும். முகத்துல கடுகு பொரியுது."

முப்பத்தொன்று. ஐம்பத்தெட்டு. வளையம் சுற்றியது. நடையில் செருப்புச் சத்தம். எண்பத்தொன்பது. கதவின் கைப்பிடி கீழே இறங்கியபோது முகப்புத் திரை பளிச்சென்று விரிந்தது. மிளகு மேசையிலிருந்த ஒரு ரசீதைக் கையில் எடுத்துக்கொண்டு, அதற்காகவே பிறந்தவள் மாதிரி அதைப் படித்தாள்.

மேனேஜர் முன்னால் வந்தார். பின்னால் ஒல்லியாக, தூக்கம் போதாத கண்களோடு, பென்டிரைவ்.

"நீ இங்க என்னம்மா பண்றே?"

"பிரிண்டர் மாட்டிக்கிச்சுன்னு அண்ணன் கூப்பிட்டான் சார்."

"இந்த ரூம்ல பிரிண்டரே கிடையாதே."

"அதான் சார், எப்படி மாட்டும்னு நானும் அப்பலேர்ந்து யோசிக்கிறேன்."

பென்டிரைவ் சிரித்துவிட்டான். மேனேஜர் சிரிக்கவில்லை.

"போன மாசம் என் ரூம்ல நான் பேசினது, வார்த்தை பிசகாம, ஷெட்டு முழுக்கப் பரவிடுச்சு. யாரை மாத்தப் போறேன், யாரை வைக்கப் போறேன், எல்லாம். என் சுவத்துக்கு இந்தப் பக்கம் இருக்கறது இந்த ரூம். இந்தச் சுவத்துலேர்ந்து ஒரு வயர் வந்ததை நான் என் கண்ணால பார்த்தேன்." பென்டிரைவிடம் திரும்பினார். "பாருங்க தம்பி."

பென்டிரைவ் உட்கார்ந்தான். அண்ணன் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு, கண்ணாடிக்கு முதுகு காட்டி, வெப்பநிலையும் அழுத்தமும் குறிக்கும் பதிவேட்டை விரித்து எழுத ஆரம்பித்தான். உள்ளே, கூடத்தில், ஃபிட்டர் காதுமூடியோடு இரண்டாம் எண்ணைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். இவர்கள் வந்த கதவு சரியாகச் சாத்தாமல் கிடந்ததால் இரைச்சல் அறைக்குள் வழிந்தது.

பென்டிரைவின் விரல்கள் வேகமாக ஓடின. நிறுவிய மென்பொருட்களின் பட்டியல். சுத்தம். எழும்போது இயங்குபவை. சுத்தம். குப்பைத் தொட்டி.

"ரொம்பச் சுத்தமா இருக்கே. இன்னிக்குக் காலையிலதான் பெருக்கினாங்களோ?"

மிளகு ரசீதைத் திருப்பி மறுபக்கத்தையும் படித்தாள்.

"பொதுவா ஆளுங்க ஒண்ணு மறந்துடுவாங்க சார்" என்றான் அவன், மேனேஜருக்குப் பாடம் நடத்துகிற தோரணையில். "மென்பொருளை நீக்கினா மென்பொருள்தான் போகும். அதோட அமைப்புகள் இருக்கற ஃபோல்டர் போகாது. ஒருநாள் திரும்பி வந்தா வசதியா இருக்கட்டும்னு அப்படியே விட்டுட்டுப் போகும். அதுவும் மறைஞ்சு இருக்கும். இதோ, மறைஞ்சதைக் காட்டுன்னு ஒரு டிக்."

ஒரே ஒரு டிக். மங்கலான மஞ்சளில் ஒரு ஃபோல்டர் வெளியே வந்தது. அதற்குள் கடைசியாகத் திறந்த கோப்புகளின் பட்டியல் வரிசையாக நின்றது. கூடவே, பாதியில் நின்ற வேலைக்காக அது தானே சேமித்துக்கொண்ட ஒரு ஒலிக்கோப்பு.

"ஒலியைப் பகுக்கற மென்பொருள் சார். எட்டு மாசமா இருந்திருக்கு. காலை ஒன்பது பத்தொன்பதுக்கு நீக்க ஆரம்பிச்சிருக்காங்க."

மேனேஜரின் முகத்தில் வெற்றி பரவியது. "எட்டு மாசம்! எட்டு மாசமா என் பேச்சை ஒட்டுக்கேட்டிருக்கீங்க!"

"நான்தான் சார் போட்டேன்" என்றாள் மிளகு. "அண்ணனுக்கு இதுல சம்பந்தம் இல்லை. அவன் கடவுச்சொல் எனக்குத் தெரியும். என்னை அனுப்பிடுங்க."

"எதுக்குப் போட்டே?"

அவள் கையிலிருந்த ரசீதை நான்காக மடித்தாள்.

பென்டிரைவ் அந்த ஒலிக்கோப்பை ஓடவிட்டான். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். ஸ்பீக்கரிலிருந்து 'டர்ர்ர்ர்' என்று ஒரு சீரான உறுமல். பத்து வினாடி. இருபது வினாடி. ஒரு நிமிடம்.

"உங்க குரல் இல்லை சார். இது கம்ப்ரசர். பட்டியல்ல இருக்கற பேரும் அப்படித்தான், 'ரெண்டாம் நம்பர் செவ்வாய் காலை', 'ரெண்டாம் நம்பர் செவ்வாய் மதியம்'."

"கம்ப்ரசர் சத்தத்தை எந்த மடையன் பதிவு பண்ணுவான்? அதுவும் காதுக்காரரைப் பக்கத்துல வச்சுக்கிட்டு?"

பென்டிரைவ் தாடையைச் சொறிந்தான். "சத்தத்தைப் படமாப் பார்த்தா பேரிங் கெட்டுப்போறது முன்கூட்டியே தெரியும் சார். பெரிய ஆலைகள்ல இதுக்குன்னே ஆள் வச்சிருக்காங்க." சற்று நிறுத்தி, நாற்காலியில் சாய்ந்தான். "அப்போ உங்க காதுக்காரர் வாசல்ல நின்னே சொல்றாரே வித்தை, அதெல்லாம் இந்தக் கம்ப்யூட்டர் புண்ணியமா?"

மேனேஜர் கண்கள் சுருங்கின. மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. "அட! படத்தைப் பார்த்துட்டு வந்து எங்ககிட்ட கதையா? ஏன்யா, காதுக்காரரே?"

அண்ணன் எழுதிக்கொண்டிருந்தான். மிளகு அவசரமாக நடுவில் நுழைந்தாள். "அப்படியே வச்சுக்குங்க சார். பேரைக் காப்பாத்திக்க ஒரு சின்ன ஏமாத்து. அதுக்கு வேலையை எடுத்துடுவீங்களா?"

"எடுக்கறதா வேண்டாமாங்கறது..."

*டக்.*

மேனேஜர் பாதியில் நிறுத்தினார். சுத்தியலால் இரும்புப் பீப்பாயைத் தட்டியது போல ஒரு சத்தம். பிறகு உறுமல் பழையபடி ஓடியது.

*டக். டக்.*

ஆவியாகப் போக வேண்டிய அம்மோனியா திரவமாகவே கம்ப்ரசருக்குள் போனால் இப்படித் தட்டும் என்று அண்ணன் எத்தனை முறை மிளகிடம் சொல்லியிருக்கிறான். தட்டத் தொடங்கினால் நிறுத்திவிட வேண்டும். நிறுத்தாவிட்டால் தலைப்பகுதி பிய்த்துக்கொண்டு பறக்கும். பின்னாலேயே அந்த நச்சு வாயு வரும்.

"இந்தச் சத்தம் வழக்கமா வர்றதா?" பென்டிரைவ் பாதி எழுந்துவிட்டான்.

மேனேஜர் அண்ணனைப் பார்த்தார். அந்தக் கிடங்கில் எல்லாரும் அப்படித்தான். மெஷின் முனகினால் மெஷினைப் பார்க்க மாட்டார்கள், காதுக்காரரின் முகத்தைப் பார்ப்பார்கள்.

அண்ணன் பேனா நிற்கவில்லை. மைனஸ் பதினெட்டு. மைனஸ் பதினேழு புள்ளி ஐந்து. முத்து முத்தாக எழுதிக்கொண்டிருந்தான்.

மேனேஜரின் தோள்கள் தளர்ந்தன. "ஒண்ணும் இல்லை தம்பி, உக்காருங்க. ஏமாத்தோ என்னவோ, பத்தொன்பது வருஷ ஆள். ஏதாவது இருந்தா இந்நேரம் குதிச்சிருப்பாரு. தலையைக்கூடத் தூக்கல பாருங்க."

*டக். டக். டக்.*

"சார், நிறுத்தணும்" என்றாள் மிளகு.

"நீ சும்மா இரு. போன வருஷம் ஒருத்தன் பதறிப்போய் அமுக்கி, ஒரு ரூம் சரக்கு முழுக்கக் கூழாப் போச்சு. ஆபரேட்டரைத் தவிர யாரும் அந்தப் பொத்தானைத் தொடக் கூடாது. ஆபரேட்டர் இங்கதானே இருக்காரு?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குனிந்திருந்த ஃபிட்டரும் நிமிர்ந்தார். மெஷினைக் காட்டி, உள்ளங்கையைக் கிடைமட்டமாக வெட்டிக் காட்டினார். நிறுத்தட்டுமா? அவர் பார்வை தேடியது அண்ணனின் முகத்தை. அவருக்குக் கிடைத்தது அண்ணனின் முதுகு. அந்த முதுகிலும் ஒரு அசைவு இல்லை.

மேனேஜர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். ஃபிட்டர் தலையாட்டிவிட்டு மறுபடி மெஷினுக்கு முகம் கொடுத்துக் குனிந்தார்.

பொத்தான் மூன்றடி தூரத்தில் இருந்தது. அதை அழுத்தினால் அடுத்து வரும் கேள்வி என்ன என்பது மிளகுக்குத் தெரியும். அண்ணியின் முகம் வந்து போனது. 'என்ன ஆனாலும் அது மட்டும் யாருக்கும் தெரியக் கூடாதுடி' என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது வந்து போனது. தட்டல் இப்போது எண்ண முடியாத வேகத்தில் வந்தது. கண்ணாடிச் சட்டம் கிடுகிடுத்தது.

மேனேஜரின் கையைத் தட்டிவிட்டுப் பாய்ந்து, உள்ளங்கை முழுவதையும் பொத்தானில் இறக்கினாள்.

உறுமல் இறங்கியது, இறங்கியது, நின்றது. வருடம் முழுக்க அடங்காத இரைச்சல் அடங்கியதும் அறையே அந்நியமாகிவிட்டது. அந்த அமைதியில் ஒரே ஒரு சத்தம் கேட்டது. தாளில் பேனா கீறுகிற சத்தம்.

அண்ணன் இன்னும் எழுதிக்கொண்டிருந்தான்.

மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். அவன் அந்த வரியை முடித்தான். அடுத்த எண்ணுக்காக அழுத்தமானியை நிமிர்ந்து பார்த்தான். முள் சரிந்துகொண்டிருந்தது. பேனா கையிலிருந்து நழுவியது. சுற்றிலும் இருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

கதவு தடாலெனத் திறந்தது. ஃபிட்டர், காகிதம் போல வெளுத்த முகத்தோடு, மூடியைக் கழற்றி எறிந்தார்.

"யாரு அமுக்கினது? அந்தக் கையைக் காட்டுங்க, கும்பிடறேன். தலைப்பக்கத்துல ரெண்டு போல்ட் கழண்டு வெளியே வந்து நிக்குது. இன்னும் பத்து எண்ணியிருந்தா என்னைச் சுவத்துலேர்ந்து சுரண்டித்தான் எடுத்திருக்கணும்." அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "யோவ் காதுக்காரரே, நீ இருக்கேன்னு நம்பித்தானேய்யா மறுபடி குனிஞ்சேன்!"

மேனேஜர் அண்ணனிடம் திரும்பினார். "அவ்வளவு நேரம் தட்டுச்சே, ஏன் பேசாம இருந்தே?"

"நான்தான் சார் காரணம்!" மிளகு குறுக்கே வந்து நின்றாள். "நான் காலையிலேர்ந்து அவன் மூளையைக் குழப்பிட்டேன். அவன் வேற ஏதோ யோசனையில இருந்துட்டான். தப்பு முழுக்க..."

அண்ணன் அவள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தான். கையைத் தூக்கி அவள் வாயை மூடினான்.

"போதும் மிளகு. இதுக்கு மேல பொய் சொன்னா, அடுத்த தடவை அவர் எந்திரிக்க மாட்டாரு."

தரையில் இருந்த ஃபிட்டரைப் பார்த்தான். பிறகு மேனேஜரைப் பார்த்து, தேவைக்கு அதிகமாகவே உரக்கச் சொன்னான்.

"அவ அந்தக் கோடு போடறதை வச்சது உங்க பேச்சைப் பிடிக்கறதுக்கு இல்லை சார். நான் மெஷினைப் பாக்கறதுக்கு. எட்டு மாசமா எனக்கு ரெண்டு காதும் கேக்கலை."